சாலைசாரா ஊர்தி ஓட்டம்

சாலைசாரா ஊர்தி ஓட்டம் என்பது தார், கற்காரை முதலியவற்றால் பாவப்படாத இயற்கையான நிலப்பரப்பின் மீது சீருந்து, ஜீப், உழவு இயந்திரம் போன்ற ஊர்திகளைச் செலுத்துவதைக் குறிக்கும். ஆற்றுப்படுகை, பாறைச்சரிவு, மணற்பரப்பு, சேற்று நிலம், காட்டுத்தடம், உப்பளம், கடற்கரை ஆகியவை இத்தகைய நிலப்பரப்புகளுள் அடங்கும். இது ஆங்கில வழக்கைப் பின்பற்றி ஆஃப் ரோடிங் எனத் தமிழிலும் பரவலாக வழங்கப்படுகிறது. பொழுதுபோக்காகவும் போட்டி விளையாட்டாகவும் இது அறியப்பட்டாலும், சாலை எட்டாத சிற்றூர்களில் வாழும் மக்களுக்கு இது அன்றாடப் போக்குவரத்தின் ஒரு பகுதி ஆகும். படைத்துறை, வனத்துறை, மீட்புப் பணி, வேளாண்மை, மீன்பிடித் தொழில் ஆகியவற்றிலும் இதன் தேவை மிகுதி.

இக்கட்டுரை சாலைசாரா ஓட்டத்தின் அடிப்படைகளையும், தமிழ்நாட்டின் நிலங்களில் அவை எவ்வாறு பொருந்துகின்றன என்பதையும் விளக்குகிறது. பாறைகள் நிறைந்த ஆற்றுப்படுகையும், மரக்காணம் உப்பளக் கரையின் சேற்று நிலமும் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை. முன்னதில் நிலம் ஊர்தியை உடைக்கிறது. பின்னதில் ஊர்தி நிலத்தை உடைக்கிறது. ஆகவே அவ்விரண்டும் இங்கு விரிவாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

வரலாறு

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைக்காக வில்லிஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் உருவாக்கிய நாற்சக்கர இயக்கம் கொண்ட சிறு ஊர்தியே இன்றைய ஜீப் வகை ஊர்திகளின் முன்னோடி ஆகும். போர்க்காலத்தில் இவை ஆறு இலட்சத்திற்கும் மேல் உற்பத்தி செய்யப்பட்டன. பிரித்தானியாவின் லேண்ட் ரோவர் 1948இல் அறிமுகமானது. இந்தியாவில் 1945இல் லூதியானாவில் தொடங்கப்பட்ட மகிந்திரா அண்டு முகம்மது நிறுவனம் 1948இல் மகிந்திரா அண்டு மகிந்திரா எனப் பெயர் மாறியது. 1947 முதல் அந்நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை மும்பையில் பூட்டி விற்கத் தொடங்கியது. மலைத் தோட்டங்களிலும் வனச்சரகங்களிலும் காவல் நிலையங்களிலும் பல பத்தாண்டுகள் இந்த ஜீப்புகளே ஓடின. தமிழில் 'ஜீப்' என்னும் சொல் ஒரு வணிகப் பெயராக அன்றி ஓர் ஊர்தி வகையின் பெயராகவே நிலைத்துவிட்டதற்கு இதுவே காரணம்.

மாருதி நிறுவனத்தின் ஜிப்சி 1985இல் வெளிவந்தது. எடை குறைந்த இவ்வூர்தி இந்தியத் தரைப்படையிலும் கார்ப் பந்தயங்களிலும் பெரும் புகழ் பெற்றது. மகிந்திராவின் தார் 2010இலும், அதன் இரண்டாம் தலைமுறை 2020இலும் அறிமுகமாயின. தார் பாலைவனத்தின் பெயரைக் கொண்ட இவ்வூர்திக்கும் சாலையில் இடப்படும் தாருக்கும் தொடர்பு இல்லை. எனினும் தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

போட்டிகளைப் பொறுத்தவரை, கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையிலுள்ள உரூபிகான் தடத்தில் 1953 முதல் ஜீப் பயணங்கள் ஒழுங்கமைக்கப்பட்டு வருகின்றன. பாறை ஏற்றத்திற்கு அத்தடமே உலக அளவில் அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. மலேசியாவில் 1997இல் தொடங்கிய மழைக்காட்டுச் சவால் போட்டியின் இந்தியப் பதிப்பு 2014 முதல் கோவாவில் நடைபெற்றது. சென்னையைச் சேர்ந்த டெர்ரா டைகர்ஸ் குழுவினர் பாலாற்றின் பெயரில் 'பாலாறு சேலஞ்ச்' என்னும் போட்டியை நடத்தியுள்ளனர்.

அடிப்படைக் கருத்துகள்

ஓர் ஊர்தி நகர்வதற்கு அதன் பொறியின் திறனைக் காட்டிலும் டயருக்கும் தரைக்கும் இடையேயான பிடிப்பே முதன்மையானது. பிடிப்பு இல்லாதவிடத்துப் பொறியின் திறன் முழுவதும் சக்கரத்தை வீணே சுழற்றுவதற்கும் நிலத்தைத் தோண்டுவதற்கும் மட்டுமே பயன்படும்.

ஊர்தி வளைவில் திரும்பும்போது உட்பக்கச் சக்கரத்தைவிட வெளிப்பக்கச் சக்கரம் அதிகத் தொலைவு செல்ல வேண்டியுள்ளது. இதற்காக ஆக்சிலின் நடுவே டிஃபரன்சியல் என்னும் பல்லிணை அமைப்பு பொருத்தப்பட்டுள்ளது. சாலையில் இன்றியமையாத இவ்வமைப்பு கரடுமுரடான நிலத்தில் பகையாக மாறுகிறது. சாதாரண டிஃபரன்சியல் இரு சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்கு விசையையே அளிக்கும். ஒரு சக்கரம் காற்றில் தொங்கினால் அதைச் சுழற்றத் தேவைப்படும் முறுக்கு விசை ஏறத்தாழச் சுழியம். ஆகவே தரையில் நன்கு ஊன்றியுள்ள மற்றொரு சக்கரத்திற்கும் அதே சுழியமே கிடைக்கும். பாறைகளுக்கு இடையே முன் இடச் சக்கரமும் பின் வலச் சக்கரமும் ஒரே நேரத்தில் மேலெழும்பினால், நாற்சக்கர இயக்கம் இருந்தும் ஊர்தி அசையாது நின்றுவிடுவது இதனால்தான். இதனைத் தவிர்க்க டிஃபரன்சியல் பூட்டு பயன்படுகிறது. அது இரு சக்கரங்களையும் ஒரே அச்சாகப் பிணைத்துவிடும். பூட்டு இல்லாத ஊர்தியில் பிரேக்கை இலேசாக அழுத்தியபடி முடுக்கியையும் அழுத்துவது ஒரு பழைய உத்தி ஆகும். தொங்கும் சக்கரத்தைப் பிரேக் தடுப்பதால் மறுபக்கச் சக்கரத்திற்கும் ஓரளவு முறுக்கு விசை சென்று சேரும். பிற்கால ஊர்திகளில் இதே வேலையை மின்னணுக் கட்டுப்பாட்டகம் தனித்தனிச் சக்கரங்களில் தானாகவே செய்கிறது.

நாற்சக்கர இயக்கம் கொண்ட பெரும்பாலான ஊர்திகளில் கியர்பெட்டியை அடுத்து டிரான்ஸ்ஃபர் கேஸ் எனப்படும் மற்றொரு பெட்டி உண்டு. அதிலுள்ள 'லோ' நிலை ஊர்தியின் வேகத்தை இரண்டில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை குறைத்து, அதே விகிதத்தில் முறுக்கு விசையைக் கூட்டுகிறது. நடையினும் மெதுவாக, கிளட்சை மிதிக்காமலேயே ஊர்தியைச் செலுத்த இயலுவது இதன் பெரும்பயன். இறக்கத்தில் பிரேக்கைத் தொடாமல் பொறியின் தடையாலேயே இறங்கவும் இதுவே உதவும்.

தடைகளைத் தாண்டும் திறனை ஊர்தியின் வடிவமே முடிவு செய்கிறது. முன் டயரிலிருந்து முன் பம்பரின் அடிவிளிம்பு வரை வரையப்படும் கோடு தரையுடன் ஆக்கும் கோணம் அணுகு கோணம் எனப்படும். பின்புறத்தில் அதே கோணம் விடுகோணம் ஆகும். இரு ஆக்சில்களுக்கு இடையே ஊர்தியின் வயிறு தட்டாமல் ஏறக்கூடிய மேட்டின் கோணம் மூன்றாவது. இரண்டாம் தலைமுறைத் தாரில் அணுகு கோணம் 41.8 பாகையும் தரை இடைவெளி 226 மில்லிமீட்டரும் ஆகும் என உற்பத்தியாளர் அறிவித்தார். இவற்றுள் மிகுதியும் மறக்கப்படுவது வயிற்றுக் கோணமே. நீளமான ஊர்தி உயரமாக இருந்தாலும் மேட்டின் உச்சியில் வயிறு தட்டி, நான்கு சக்கரங்களும் பிடிப்பிழந்து ஆடும் பலகைபோல் நின்றுவிடக் கூடும்.

பாறை ஆற்றுப்படுகை

தமிழ்நாட்டில் பாறைப்படுகை கொண்ட ஆறுகள் பெரும்பாலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் அதன் அடிவாரத்திலும் காணப்படுகின்றன. மோயாறு, பவானியின் மேற்பகுதி, தாமிரபரணியின் மலைப்பகுதி, ஒகேனக்கல் சூழ்ந்த காவிரி ஆகியவை எடுத்துக்காட்டுகள். சமவெளியில் ஓடும் பாலாறு, செய்யாறு, தென்பெண்ணை போன்றவற்றின் படுகை பெரும்பாலும் மணலால் ஆனது.

ஆற்றுப்படுகையின் கற்கள் மலைச்சரிவின் கற்களிலிருந்து வேறுபட்டவை. நீரால் உருட்டப்பட்டு வழவழப்பான உருண்டைகளாக இருப்பதால் அவை சக்கரத்தின் கீழ் உருளும். நீர் தேங்கும் இடங்களில் பாசி படர்ந்திருக்கும். ஒரு கல் அசையாது எனக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய இயலாது. காலால் மிதித்து அசைத்துப் பார்க்க வேண்டும். இதன் காரணமாக, படுகையில் இறங்கும் முன் செல்லவேண்டிய தடம் முழுவதையும் நடந்து பார்ப்பது முதல் விதியாகக் கொள்ளப்படுகிறது.

புதிதாக ஓட்டுபவர்கள் பெரிய கல்லைக் கண்டதும் அதை இரு சக்கரங்களுக்கு இடையே விட்டுச் செல்ல முற்படுவர். இது தவறு. ஆக்சிலின் நடுவிலுள்ள டிஃபரன்சியல் குடமே ஊர்தியின் மிகத் தாழ்ந்த பகுதி. கல் அதில்தான் மோதும். கல்லின் மீது சக்கரத்தையே ஏற்றினால் ஊர்தி முழுவதும் அத்துடன் உயர்ந்துவிடும். ஆகவே சக்கரம் கல்லின் மீதும் வயிறு பள்ளத்தின் மீதும் செல்லுமாறு தடத்தைத் தெரிவு செய்தல் வேண்டும். டயரின் பக்கச்சுவர் கூரிய பாறை விளிம்பில் உரசாமல் பார்த்துக்கொள்வதும் தேவை. டயரின் அடிப்பரப்பு தாங்கும் வெட்டுகளைப் பக்கச்சுவர் தாங்காது. பக்கச்சுவரில் ஏற்படும் கிழிசலைப் பஞ்சர் கடையில் ஒட்டவும் முடியாது.

வேகம் இங்கு பயன்படாது. லோ நிலையில் முதல் கியரில், முடுக்கியை மிகக் குறைவாக அழுத்தி, ஒவ்வொரு சக்கரமும் கல்லின் மீது ஏறி இறங்குவதை உணர்ந்தபடி ஓட்ட வேண்டும். இறங்கும்போது ஊர்தி தடாலென விழாதவாறு இடக்காலால் பிரேக்கை இலேசாகத் தொடுவர். ஸ்டியரிங் வளையத்தின் உட்புறம் கட்டைவிரலை நுழைத்துப் பிடித்தல் கூடாது. சக்கரம் கல்லில் மோதி ஸ்டியரிங் திடீரெனச் சுழன்றால் விரல் முறியும். ஆற்றல் உதவி இல்லாத பழைய ஜீப்புகளில் இது மிகவும் கண்கூடான ஆபத்து.

ஓட்டுநருக்குத் தன் முன்சக்கரங்கள் தெரியாது. ஆகவே ஊர்திக்கு வெளியே ஒருவர் நின்று கைச்சைகையால் வழிகாட்டுவது வழக்கம். ஒரே நேரத்தில் ஒருவர் மட்டுமே வழிகாட்ட வேண்டும். கரையில் நிற்கும் பத்துப்பேரும் ஆளுக்கொரு திசையில் கத்துவது நம்மூர்ச் சூழலில் தவிர்க்க இயலாதது எனினும், ஓட்டுநர் ஒருவரின் கையை மட்டும் பார்க்கப் பழக வேண்டும். வழிகாட்டுபவர் ஊர்திக்கும் பாறைக்கும் இடையிலோ, ஊர்தியின் இறக்கப் பக்கத்திலோ நிற்கலாகாது.

நீரைக் கடத்தல்

ஆற்றுப்படுகை ஓட்டத்தில் உயிரிழப்புகளுக்குக் காரணம் பாறை அன்று, நீரே. மூன்று கூறுகளைத் தனித்தனியே புரிந்துகொள்ளுதல் வேண்டும்.

முதலாவது மிதப்பு. நீர் ஊர்தியின் அடித்தளத்தைத் தொட்டதும் ஊர்தி ஓடம்போல் செயற்படத் தொடங்குகிறது. 4 மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் அகலமும் உடைய அடித்தளத்தின் பரப்பு ஏறத்தாழ 7 சதுர மீட்டர். அதன் மேல் நீர் 10 சென்டிமீட்டர் உயர்ந்தால் ஏறக்குறைய 700 கிலோகிராம் நீர் இடம்பெயர்கிறது. ஆர்க்கிமிடீசு தத்துவத்தின்படி அவ்வளவு எடை சக்கரங்களின் மீதிருந்து குறைந்துவிடும். 1,700 கிலோகிராம் எடையுள்ள ஊர்தியின் சக்கரங்கள் 25 சென்டிமீட்டர் உயர்விலேயே தரையைப் பற்றும் வலுவை இழந்துவிடுகின்றன. கதவிடுக்குகள் வழியே நீர் உள்ளே புகுந்தால் மிதப்பு குறையும் என்பது உண்மையே. ஆனால் அது நிகழும் முன் ஊர்தி அடித்துச் செல்லப்படலாம். ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் ஆழத்தில் விரைந்தோடும் நீர் பெரும்பாலான சீருந்துகளை நகர்த்திவிடும் என அமெரிக்க வானிலைத் துறை எச்சரிப்பது இக்கணக்கோடு ஒத்துப்போகிறது.

இரண்டாவது நீரோட்டத்தின் விசை. இது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். தேங்கிய குளத்தில் எளிதாகக் கடக்கப்படும் ஆழம் ஓடும் ஆற்றில் உயிருக்கு ஆபத்தாக முடிவதன் காரணம் இதுவே. உற்பத்தியாளர்கள் அறிவிக்கும் நீராழ அளவுகள் (இரண்டாம் தலைமுறைத் தாருக்கு 650 மில்லிமீட்டர்) ஓடும் நீருக்கு அப்படியே பொருந்தமாட்டா.

மூன்றாவது பொறிக்குள் நீர் புகுதல். காற்றுபோல் நீர் அமுங்காது. காற்று உள்ளிழுக்கும் குழாய் வழியே நீர் சிலிண்டருக்குள் சென்றால், மேலெழும் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் இணைப்புத்தண்டு வளையும் அல்லது முறியும். நீரில் நின்றுபோன பொறியை மீண்டும் இயக்க முயல்வது சிறு பழுதைப் பெரும் பழுதாக மாற்றும் செயல். உள்ளிழுக்கும் வாயைக் கூரை உயரத்திற்குக் கொண்டு செல்லும் குழாய் இதற்காகவே பொருத்தப்படுகிறது. டீசல் பொறிகளில் தீப்பொறிச் செருகிகள் இல்லாததால் நனைவதால் நின்றுபோகும் இடர் குறைவு.

ஆற்றில் நீர் மிகக் குறுகி அமைதியாக ஓடும் இடம் பெரும்பாலும் ஆழமானது. அதே அளவு நீர் அகலமான இடத்தில் பரந்து ஓடுவதால் அங்கு ஆழம் குறைவாக இருக்கும். சிற்றலைகளோடு சலசலக்கும் பகுதியே கடப்பதற்கு ஏற்றது. கோலால் ஆழம் பார்த்த பிறகு, இறங்கும் கரை மட்டுமன்றி ஏறும் கரையும் ஊர்தி ஏறத்தக்கதா எனப் பார்த்தல் வேண்டும். நீருள் மெதுவாகவும் ஒரே சீராகவும் சென்றால் முன்புறம் ஒரு வில்போன்ற அலை உருவாகி, அதன் பின்னால் பொறியறைப் பகுதியில் நீர்மட்டம் சற்றுத் தாழ்ந்திருக்கும். நடுவில் கியர் மாற்றுவதும் நிற்பதும் கூடாது.

தமிழ்நாட்டில் இவையனைத்திற்கும் மேலான இடர் ஒன்று உண்டு. படுகையின் மேல் வானம் வெளுத்திருக்க, தொலைவில் பெய்த மழையாலோ அணை திறப்பாலோ வெள்ளம் வரக்கூடும். ஃபெங்கல் புயலைத் தொடர்ந்து 2024 டிசம்பர் 2 அன்று சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 இலட்சம் கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரையில் திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. சில மாதங்களுக்கு முன்னர் திறக்கப்பட்ட அகரம்பள்ளிப்பட்டு - தொண்டமானூர் பாலமும் அடித்துச் செல்லப்பட்டது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு, மாட்டுவண்டியும் உழவு இயந்திரமும் குறுக்கே செல்லும் மணல்வெளியாகத் தோன்றும் ஆறு அது. படுகையில் கூடாரமிடுவதும் ஊர்தியை நிறுத்தி உறங்குவதும் எக்காலத்தும் தவிர்க்கப்பட வேண்டியவை.

மணற்படுகை

மணலில் டயரின் காற்றழுத்தத்தைக் குறைப்பதே பாதி வேலை. சாலையில் 30 பி.எஸ்.ஐ. வைக்கப்படும் டயரில் 15 முதல் 18 வரை குறைத்தால் டயர் தரையில் படியும் பரப்பு, சிறப்பாக அதன் நீளம், கூடும். மீண்டும் சாலையேறும் முன் காற்று நிரப்பியாக வேண்டும். குறைந்த காற்றுடன் வேகமாக ஓடும் டயர் சூடேறி வெடிக்கும். மணலில் நிற்க நேர்ந்தால் பிரேக்கை அழுத்தாமல் தானாக உருண்டு நிற்கவிடுவது நல்லது. பிரேக் போட்டால் சக்கரங்களுக்கு முன் மணல் மேடு குவிந்து, அடுத்த புறப்பாட்டுக்கு அதுவே தடையாகும்.

மரக்காணம் உப்பளக் கரை

மரக்காணம் விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், சென்னைக்குத் தெற்கே சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள பேரூர் ஆகும். இதன் உப்பளங்கள் சாலையின் ஓரத்திலேயே தொடங்கிக் கழுவெளி சதுப்பு நிலம் வரை விரிகின்றன. கழுவெளியின் நீர் உப்புக்கல்லி ஓடை, எடையன்திட்டு முகத்துவாரம் ஆகியவற்றின் வழியே வங்கக் கடலை அடைகிறது. இந்நிலம் சக்கரங்களுக்கு ஏற்றதன்று என்பதை இதன் வரலாறே காட்டுகிறது. ஆந்திரக் கரையிலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் மரக்காணத்தருகே முடிவடைகிறது. லாரிகள் பெருகும் வரை இக்கரையின் உப்பு அக்கால்வாயில் படகேறிச் சென்னைக்குச் சென்றது.

கோடையில் பார்க்கும்போது உப்பளத்தை ஒட்டிய வெறுநிலம் வறண்டு வெடித்த கெட்டித்தரைபோல் தோன்றும். குஜராத்தின் கட்ச் வெண்பாலையில் ஊர்திகள் விரைவதைப் படங்களில் பார்த்தவர்கள் இங்கும் அவ்வாறே ஓட்டலாம் என எண்ணுவது இயல்பு. உண்மையில் மேலே ஒரு மெல்லிய உப்பு ஓடும், அதன் கீழே ஈரம் நிறைந்த கரிய களிமண்ணும் உள்ளன. நிலத்தடியிலிருந்து நுண்துளைகள் வழியே மேலேறும் உவர்நீர் மேற்பரப்பில் ஆவியாகி உப்பை விட்டுச் செல்வதால் அந்த ஓடு உருவாகிறது. அந்த ஓடே கீழுள்ள ஈரம் ஆவியாகாமல் மூடியும் வைக்கிறது.

இதற்கு வேதியியல் காரணமும் உண்டு. சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலுள்ள நீரை ஈர்த்துக் கரையத் தொடங்கும். உப்பு எடுத்தபின் எஞ்சும் கசப்புநீரிலுள்ள மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே நீரை ஈர்க்கும். கடற்காற்று வீசும் இக்கரையில் ஈரப்பதம் அவ்வளவுக்குக் குறைவது அரிது. எனவே உப்பளச் சேறு எத்தனை வெயில் அடித்தாலும் முற்றாகக் காய்வதில்லை. பிற்பகலில் தாங்கிய நிலம் விடியற்காலையில் தாங்காமல் போவதும் இதனாலேயே.

உப்பளத் தொழிலாளர்கள் தலைச்சுமையுடன் நடந்து செல்லும் நிலத்தில் ஜீப் ஏன் அமிழ்கிறது என்பதை எளிய கணக்கால் விளக்கலாம். டயர் தரையில் செலுத்தும் அழுத்தம் ஏறத்தாழ அதன் உட்காற்றழுத்தத்திற்குச் சமம். 30 பி.எஸ்.ஐ. என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோகிராம். 70 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் ஊன்றும்போது, பாதத்தின் பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் எனக் கொண்டால், அழுத்தம் 0.35 கிலோகிராம் மட்டுமே. டயரின் காற்றைப் பாதியாகக் குறைத்தாலும் ஊர்தி மனிதரைப்போல் மூன்று மடங்கு அழுத்துகிறது. ஆகவே 'ஆள் நடக்கும் இடத்தில் வண்டி போகும்' என்னும் நம்பிக்கை இங்குப் பொருந்தாது. ஓடு ஒருமுறை உடைந்தால் சக்கரம் அச்சு வரை இறங்கும். களிமண் உறிஞ்சிப் பிடிப்பதால் முன்னோ பின்னோ நகர்வதும் கடினம்.

ஊர்தி சிக்கிக்கொள்வது உரிமையாளரின் தொல்லை. ஆனால் உப்பளத்தில் அதைவிடப் பெரிய இழப்பு வேறொருவருக்கு ஏற்படுகிறது. உப்புப் பாத்தியின் தரை இயற்கையாக அமைந்ததன்று. பருவமழை ஓய்ந்தபின் தேங்கிய நீரை வெளியேற்றி, சேற்றை அகற்றி, களிமண்ணைக் காலால் திரும்பத் திரும்ப மிதித்து, உவர்நீர் கீழே கசியாதவாறு இறுக்கிச் சமப்படுத்திய தரை அது. உப்பு விளைவது ஏறத்தாழ சனவரி முதல் செப்டம்பர் வரை மட்டுமே. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அளங்கள் நீருள் இருக்கும். விளைச்சல் காலத்தில் ஒரு சக்கரத்தடம் பாத்தியின் குறுக்கே பதிந்தால் அந்தத் தரை கசியத் தொடங்கும். வாரப்படும் உப்பில் சேறும் கலக்கும். பாத்திகளுக்கு இடையிலான வரப்பை உடைத்தால் அடர்த்தி வேறுபட்ட உவர்நீர்கள் ஒன்றாகக் கலந்து பல நாள் ஆவியாக்கம் வீணாகும். பொறியிலிருந்து சிந்தும் எண்ணெயோ உணவுப்பொருள் விளையும் நீரில் கலக்கிறது. நாட்கூலிக்கு உழைப்பவர்களுக்கு இது வருமான இழப்பாக வந்து முடியும். லாரிகள் செல்வதற்கென மண்ணும் கல்லும் கொட்டிப் பலப்படுத்திய கரைவழிகள் உப்பளங்களுக்கு இடையே உள்ளன. அவற்றை விட்டு விலகி ஓட்டுவதற்கு இங்கே எந்த நியாயமும் இல்லை.

மரக்காணத்தை ஒட்டிய மீனவ ஊர்களின் கடற்கரையில் சாலைசாரா ஓட்டம் தொழிலின் பகுதியாகவே நடைபெறுகிறது. கண்ணாடியிழைப் படகுகளை மணலில் ஏற்றவும் இறக்கவும் உழவு இயந்திரங்கள் பயன்படுகின்றன. அவற்றின் அகன்ற பின்சக்கரங்கள் தளர்ந்த மணலுக்கு ஏற்றவை. அதே மணலில் சனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. ஆழமான சக்கரத்தடங்களில் விழும் ஆமைக்குஞ்சுகளால் கடலை அடைய இயலாமல் போவதால், இம்மாதங்களில் இரவில் பொழுதுபோக்கிற்காகக் கடற்கரையில் ஊர்தி ஓட்டுதல் கண்டிக்கப்படுகிறது.

சிக்கிய ஊர்தியை மீட்டல்

சக்கரம் வீணே சுழலத் தொடங்கிய உடனே முடுக்கியிலிருந்து காலை எடுத்துவிடுவதே மீட்பின் முதல் படி. பின்னர் சக்கரங்களின் முன்னும் பின்னும் உள்ள மண்ணை வெட்டி அகற்றி, அடியில் பலகை, தட்டையான கல், கீழே கிடக்கும் பனைமட்டை அல்லது தென்னைமட்டை ஆகியவற்றை இட்டு, வந்த வழியே பின்னோக்கி எடுக்க முயல வேண்டும். வந்த வழி தாங்கியது என்பது உறுதி. முன்னுள்ள வழி அவ்வாறன்று.

வின்ச் எனப்படும் சுருளியின் கம்பிவடத்தை மரத்தில் கட்டும்போது அகன்ற பட்டையைச் சுற்றியே கட்ட வேண்டும். வெறும் கம்பி பட்டையை அறுத்து மரத்தைக் கொன்றுவிடும். மரமற்ற உப்பளக் கரையில் மாற்றுச் சக்கரத்தை ஆழக் குழிதோண்டிப் புதைத்து நங்கூரமாகக் கொள்வர். மற்றோர் ஊர்தியால் இழுக்கும்போது இழுவைக் கொக்கி சட்டகத்தில் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். பம்பரில் கட்டுதல் கூடாது. அறுந்து பாயும் வடமும் பிய்த்தெறியப்படும் கொக்கியும் உயிரைப் பறிக்கவல்லவை. வடத்தின் நடுவே கனமான சாக்கு ஒன்றைப் போட்டு வைப்பதும், வடத்தின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தொலைவுக்கு ஆட்களை விலக்குவதும் வழக்கம்.

சட்டமும் சூழலும்

ஆற்றுப்படுகை யாருக்கும் சொந்தமில்லாத வெற்றிடம் என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அது சட்டப்படி தவறானது. காப்புக்காடுகளுள் ஓடும் ஆறுகளில் ஊர்தியுடன் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டம், 1882 இன் கீழும், புலிகள் காப்பகங்களிலும் சரணாலயங்களிலும் நுழைவது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972 இன் கீழும் முன் அனுமதி தேவைப்படுபவை. கழுவெளியின் 5,151.60 எக்டேர் பரப்பு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதால் அதற்கும் இது பொருந்தும். 2023 டிசம்பரில் இமாச்சலப் பிரதேசத்தின் லாகௌல் பகுதியில், போக்குவரத்து நெரிசலைத் தவிர்க்க ஒருவர் சந்திரா ஆற்றின் கற்படுகையில் தார் ஊர்தியை இறக்கி ஓட்டிய காணொளி பரவியது. அப்பகுதிக் காவல்துறை மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் அவருக்குத் தண்டம் விதித்தது.

கற்படுகையில் ஓடும் சக்கரங்கள் கூழாங்கற்களுக்கு இடையே இடப்படும் மீன்முட்டைகளை நசுக்குகின்றன. காவிரி, மோயாறு ஆகியவற்றில் வாழும் கெண்டை இனப் பெருமீனான மகசீர் இவ்வாறு கற்பரப்பில் முட்டையிடும் மீன்களுள் ஒன்று. பழைய கடவுத்தடம் இருக்கும்போது புதிய தடம் உண்டாக்காதிருத்தல் உலகெங்கும் இவ்விளையாட்டினர் ஏற்றுக்கொண்ட ஒழுங்கு ஆகும்.

தேவைக்கான ஓட்டம்

ஈரோடு மாவட்டம் கடம்பூர் மலையிலுள்ள மாக்கம்பாளையம் சிற்றூருக்குச் சத்தியமங்கலத்திலிருந்து செல்லும் பேருந்து, பாலம் இல்லாத குரும்பூர்ப் பள்ளம், சர்க்கரைப் பள்ளம் என்னும் இரு காட்டாறுகளின் படுகையில் இறங்கி ஏறியே நெடுங்காலம் சென்று வந்தது. மழை பெய்து வெள்ளம் வந்தால் நீர் வடியும் வரை பேருந்தும் பள்ளி மாணவர்களும் நோயாளிகளும் கரையில் காத்திருக்க வேண்டியதாயிற்று. நாற்சக்கர இயக்கமோ டிஃபரன்சியல் பூட்டோ இல்லாத சாதாரண அரசுப் பேருந்து அது. ஓட்டுநர் நீரின் நிறத்தையும் கரைக்கற்களின் மறைவையும் பார்த்து இறங்கலாமா எனத் தீர்மானிப்பார். நீலகிரி மாவட்டத்தின் தெங்குமரகடாவில் பேருந்து மோயாற்றின் கரையோடு நின்றுவிட, மக்கள் பரிசலில் ஆற்றைக் கடந்து ஊரை அடைவர். பொழுதுபோக்கு ஓட்டுநர்கள் அறைகூவலாகக் கருதும் ஒரு கடவை இவ்வூர்களில் மகப்பேற்றுக்குச் செல்லும் பெண்ணின் வழியாக உள்ளது. சாலைசாரா ஓட்டம் பற்றிய எழுத்துகளில் இது பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

ஓட்டத்திற்குப் பின்

நீரில் இறங்கிய ஊர்தியில் சூடான ஆக்சில் குடம் திடீரெனக் குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, அடைப்பான்கள் வழியே நீரை உள்ளிழுத்துக்கொள்ளும். எனவே ஆக்சில், கியர்பெட்டி எண்ணெயைச் சோதித்து, பால்போல் வெளுத்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். கரையேறியதும் பிரேக்கை இலேசாக அழுத்தியபடி சிறிது தூரம் ஓட்டி உலர்த்துதல் நல்லது. உப்பளச் சேறு பட்ட ஊர்தியை அன்றே நன்னீரால் அடிப்பகுதி முழுவதும் கழுவுதல் இன்றியமையாதது. மேலே கூறியவாறு அச்சேற்றிலுள்ள உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்துத் தாமே நனைந்திருப்பதால், சட்டகத்தின் இடுக்கில் ஒட்டியுள்ள ஒரு கைப்பிடிச் சேறு மாதக்கணக்கில் இரும்பை அரித்துக்கொண்டேயிருக்கும். தகட்டுவில்களின் இடைவெளி, பிரேக் குழாய்களின் பிணைப்பு, மின்கம்பி இணைப்புகள் ஆகியவை முதலில் பழுதாகும் இடங்கள்.